பட்டத்தின் வயது: பினாங்கிலிருந்து மேலாய்வுக்குப் புறப்படுவோர் கவனத்திற்கு

பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் ஒருவரின் கோப்பில் நான்கு தேதிகள் இருக்கும். ஆய்வேட்டைத் தேர்வுக்குச் சமர்ப்பித்த நாள், வாய்மொழித் தேர்வு நடந்த நாள், திருத்தங்கள் ஏற்கப்பட்ட நாள், பல்கலைக்கழகத்தின் உயர் கல்விக் குழுவான செனட் பட்டத்தை உறுதிசெய்த நாள் ஆகியவையே அவை. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓடிவிடுவது இங்கே புதிதன்று. உறவினர்கள் கூடி மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பட்டமளிப்பு விழா ஐந்தாவது தேதி. அதை எந்த விண்ணப்பமும் கேட்பதில்லை. ஆனால் முன்னே சொன்ன நான்கில் எந்தத் தேதியை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், அறிவியலிலும் பொறியியலிலும் அடுத்த கட்ட ஆய்வான மேலாய்வுக்கான கதவுகளில் பல திறக்கின்றன அல்லது மூடிக்கொள்கின்றன. திறமை மிகுந்த நம் பிள்ளைகள் சிலர் இந்தக் கணக்கை அறியாமலேயே வாய்ப்பை இழந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வருத்தமே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முனைவர் பட்டத்திற்குப் பின், நிரந்தர விரிவுரையாளர் பணிக்கோ தனி ஆய்வுக்குழுவை நடத்தும் பொறுப்புக்கோ முன், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் செய்யும் முழுநேர ஆய்வுப் பணியை முனைவர் பட்ட மேலாய்வு என்று எழுதுகிறோம். பேச்சில் எல்லாருக்கும் அது போஸ்ட்-டாக்தான். அதை இன்னொரு படிப்பு என்று எண்ணுவோர் நம் குடும்பங்களில் இன்றும் அதிகம். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்து வேதிப் பொறியியலில் முனைவரான பெண் ஒருவர், மேலாய்வுக்கு விண்ணப்பிக்கப்போவதாக வீட்டில் சொன்னபோது, "அதான் டாக்டர் பட்டம் வாங்கிட்டியேம்மா, இன்னும் எதுக்குக் காண்ட்ராக்ட் வேலை?" என்று அவருடைய தாயார் கேட்டாராம். கேட்டதில் தவறில்லை. மேலாய்வில் தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. முடிவில் கையில் கிடைப்பது ஒரு பணிச்சான்றுக் கடிதம் மட்டுமே. ஆனால், மேற்பார்வையாளர் கொடுத்த தலைப்பை முடித்துக் காட்டியவர், தாமே ஒரு கேள்வியைக் கண்டெடுத்து அதற்கு விடை தேட வல்லவர் என்பதை உலகுக்குக் காட்டும் காலம் அதுதான். அந்தச் சான்று இல்லாதவரைத் தனி ஆய்வுக்குழுவுக்குத் தலைவராக்க ஆய்வு நாடுகள் எவையும் இன்று எளிதில் முன்வருவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1919இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம், ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியைக் கொண்டு, இயற்பியலிலும் வேதியியலிலும் புதிதாக முனைவரானவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. கற்பிக்கும் சுமை இல்லாமல் சில காலம் ஆய்வு மட்டுமே செய்யவிட்டால் நாட்டின் அறிவியல் வளரும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகளின் ஆய்வு நிதி பெருகியபோது, பேராசிரியர் பெற்ற திட்ட நிதியிலிருந்தே இளம் முனைவர்களுக்கு ஊதியம் கொடுத்து அமர்த்தும் வழக்கம் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றும் இந்த இரண்டு வழிகளே முதன்மையானவை. ஒன்றில் பணம் ஆய்வாளரின் பெயரில் வருகிறது, கேள்வியும் அவருடையதாக இருக்கிறது. மற்றதில் பணம் பேராசிரியருடையது, கேள்வியும் பெரும்பாலும் அவருடையதே. விளம்பரத்தைப் படிக்கும்போது முதலில் கண்டறிய வேண்டியது, அது இவற்றுள் எந்த வகை என்பதைத்தான். நாடு, பல்கலைக்கழகத்தின் தரவரிசை ஆகியவையெல்லாம் அதற்குப் பிறகு.

மேலாய்வுக் காலம் ஒருவரின் பாதையை எவ்வளவு தூரம் திருப்பிவிடும் என்பதற்குத் தமிழருக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரையே சொல்லலாம். 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில். பின்னர் உயிரியலைத் தொடக்கத்திலிருந்து கற்க சான் டியேகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். அதன் பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் மேலாய்வாளராகப் பணியாற்றினார். உயிரணுவுக்குள் புரதத்தைக் கட்டும் ரைபோசோமை அவர் கையில் எடுத்தது அங்கேதான். அந்த மேலாய்வு முடிந்த கையோடு அவருக்கு வேலை கிடைத்துவிடவில்லை. ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பயனில்லாமல், தேசிய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகப் பணி வாய்த்தது. ஆனால் மேலாய்வில் பிடித்த கேள்வியை அவர் விடவில்லை. 2009இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அந்த ரைபோசோமுக்காகவே கிடைத்தது. இயற்பியலாளர் ஒருவர் உயிரியலுக்குள் நுழைய வாசலாக இருந்தது மேலாய்வு. துறை மாற நினைப்பவருக்கு இதைவிட நல்ல காலம் வாழ்க்கையில் மீண்டும் வாய்ப்பது அரிது.

மலேசியாவில் கதை வேறு விதமாக வளர்ந்தது. இங்கே பழைய வழக்கத்தில் மேலாய்வு என்ற படியே கிடையாது. நல்ல தேர்ச்சி பெற்றவரைப் பல்கலைக்கழகம் முதலில் பயிற்றுநராகச் சேர்த்துக்கொள்ளும். அரசு உதவியுடன் வெளிநாட்டுக்கு அனுப்பி முனைவர் பட்டம் பெறச் செய்யும். திரும்பி வந்ததும் அவர் விரிவுரையாளர். மேலாய்வு என்றால், ஏற்கெனவே பணியில் இருக்கும் விரிவுரையாளர் விடுப்பில் வெளிநாடு சென்று செய்துவருவது என்றே பலரும் புரிந்துகொண்டிருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கெபாங்சான், புத்ரா ஆகிய நான்கும் 2006இல் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. 2010இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சேர்ந்தது. ஆய்வு வெளியீடுகளின் எண்ணிக்கை பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டில் எடை பெறத் தொடங்கியதும், வேலை தேடும் முனைவர்களை ஒப்பந்த மேலாய்வாளர்களாக அமர்த்தும் வழக்கம் இங்கும் பரவியது. 2011இல் தொடங்கிய மைபிரெய்ன்15 திட்டம், 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்ற இலக்கை வைத்தது. முனைவர்கள் பெருகினார்கள், நிரந்தரப் பணியிடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவாகும் பங்கு 2018இல் 1.04 விழுக்காடாகவும் 2020இல் 0.95 விழுக்காடாகவும் இருந்தது. அதே காலத்தில் தென்கொரியா 5 விழுக்காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. படியே இல்லாதிருந்த இடத்தில் இப்போது படி இருக்கிறது, ஆனால் அதன் மேலே ஏறுவதற்கு அடுத்த படி எல்லாருக்கும் இல்லை. ஆகவே பினாங்கில் இருக்கும் ஒருவர் உள்நாட்டையும் வெளிநாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு வாய்ப்புகளில்தான் தேதிகள் கடுமையாக வேலை செய்கின்றன. ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் பொது மேலாய்வு நிதி 12 முதல் 24 மாதங்களுக்கு, மாதம் 3,62,000 யென் வழங்குகிறது. முனைவர் பட்டம் பெற்று 6 ஆண்டுகளைக் கடந்தவருக்கு அது கிடையாது. ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளை, பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் இருப்போரை ஒரு பிரிவிலும், 12 ஆண்டுகளுக்குள் இருக்கும் அனுபவம் மிக்கோரை இன்னொரு பிரிவிலும் எடுத்துக்கொள்கிறது. நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு அங்கே இல்லை. ஆண்டில் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். அறிவியல், பொறியியல் துறையினருக்கு நல்ல ஆங்கிலம் இருந்தால் போதும், ஜெர்மன் மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. ஜெர்மன் தெரியாதே என்று தயங்கி நின்றவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரியின் பெயரில் நடத்தும் மேலாய்வு நிதி எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது. வழக்கமாகச் செப்டம்பரில் அதன் விண்ணப்பம் முடியும். மறு ஆண்டு பிப்ரவரி வாக்கில் முடிவு வரும். பட்டம் பெற்று 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த 8 ஆண்டுகளில், ஆய்வுக்கு வெளியே வேறு வேலை பார்த்த காலமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு போன்றவற்றுக்கான இடைவெளியும் கழிக்கப்படும். பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டுகள் டியூஷன் மையத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவரும், குழந்தை பெற்று வீட்டிலிருந்தவரும் தமக்கு வயது கடந்துவிட்டது என்று தாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். இன்னொரு விதியும் உண்டு. எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறாரோ அந்த நாட்டில், விண்ணப்ப நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அவர் வாழ்ந்திருக்கக் கூடாது. பினாங்கிலேயே படித்து முடித்தவருக்கு இது தடையே இல்லை. வெளிநாட்டில் படிக்க முடியாமல் போனதைக் குறையாக நினைப்பவருக்கு இந்த ஓரிடத்தில் அது வசதியாகிறது. போட்டி மட்டும் கடுமை. 2024ஆம் ஆண்டுச் சுற்றில் 10,360 விண்ணப்பங்கள் வந்து 1,696 பேர் தேர்வானார்கள், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். 2025இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகின. இந்த நிதியில் அறிவிக்கப்படும் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விலைவாசிக்கு ஏற்பத் தொகை மாற்றப்படுகிறது. வேலை கொடுப்பவர் செலுத்த வேண்டிய சமூகக் காப்புத் தொகையும் வரியும் அதற்குள்ளிருந்தே போகின்றன.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்கள் பேராசிரியரின் திட்ட நிதியில் வருபவை. அங்கே செல்வோர் வழக்கமாகப் பெறும் ஜே-1 விசாவில், ஆய்வு அறிஞர் பிரிவில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் ஆறு மாதமே தங்கிவிட்டு அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பினாலும், அதே பிரிவில் மீண்டும் போக 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இதை அறியாமல், ஒரு சிறு பயிற்சிக்காக அந்தப் பிரிவைச் செலவழித்துவிட்டுப் பெரிய வாய்ப்பு வந்தபோது கை பிசைந்தவர்களை நான் அறிவேன். சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், ஏ-ஸ்டார் ஆய்வு நிலையங்கள் ஆகியவற்றில் திட்ட நிதி இடங்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன, வீட்டுக்கும் அருகில் இருக்கின்றன.

துறைக்குத் துறை பருவமும் மாறுகிறது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல், வானியல் ஆகியவற்றில் விளம்பரங்கள் ஆண்டின் இறுதி மாதங்களில் குவியும். வேலை தொடங்குவது மறு ஆண்டு செப்டம்பர் வாக்கில். மேத்ஜாப்ஸ், இன்ஸ்பயர் போன்ற தளங்களில் விண்ணப்பமும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் குறித்த நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு முழுவதும் போனது போலத்தான். உயிரியலிலும் வேதியியலிலும் பொருளறிவியலிலும் பருவம் என்று ஒன்று இல்லை. பேராசிரியருக்கு நேரடியாக எழுதும் கடிதமே அங்கே விண்ணப்பம். ஐரோப்பிய இடங்களுக்கு யூராக்ஸஸ் தளமும், ஜப்பானுக்கு ஜேரெக்-இன் தளமும், பொதுவாக நேச்சர் கேரியர்ஸ் தளமும் பயன்படும். எனினும் விளம்பரமாகவே வராத இடங்கள் ஏராளம், அவை கடிதங்களால் உருவாகின்றன.

கடிதம் என்றால் எத்தகைய கடிதம்? மேலே சொன்ன அந்தப் பெண்ணின் கதை இங்கே உதவும். அவருடைய முனைவர் ஆய்வு, செம்பனைக் கொட்டையின் ஓட்டிலிருந்து கரித்தூள் செய்து ஆலைக் கழிவுநீரிலுள்ள சாயத்தை உறிஞ்சவைப்பது. குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தின் நடுவே ஓட்டைக் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மீண்டும் சுட்டு, நுண்துளைகளைப் பெருக்குவார்கள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். சிட்டிகைத் தூளுக்குள் பன்னிரண்டு பூப்பந்து ஆடுகளங்கள் மடிந்து கிடப்பது போல. பரப்பு கூடக் கூடச் சாயம் அதிகம் ஒட்டும் என்பதால், நான்கு ஆண்டுகளும் அவர் அந்த எண்ணைக் கூட்டுவதிலேயே உழைத்தார். பட்டம் பெற்றதும், தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆவல் கொண்டுள்ளேன் என்று தொடங்கும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஏறத்தாழ நாற்பது பேருக்கு அனுப்பினார். மறுப்பு இரண்டு வந்தது. மற்றவர்கள் பதிலே எழுதவில்லை.

அதன் பின் அவர் ஒரு வேலை செய்தார். சோடியம் அயனி மின்கலங்களைப் பற்றிய கட்டுரைகளைச் சில வாரங்கள் உட்கார்ந்து படித்தார். லித்தியம் மின்கலத்தில் பயன்படும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் சோடியம் எளிதில் புகுவதில்லை. அதனால் அடுக்கு ஒழுங்கு குலைந்த கடுங்கரியை மின்கலத்தின் எதிர்மின்முனைக்குப் பயன்படுத்துகிறார்கள், அதைத் தாவரக் கழிவிலிருந்தே செய்யவும் முடியும். ஆனால் இங்கே உட்பரப்பு அதிகமாக இருந்தால் அது குற்றம். முதல் முறை மின்னேற்றும்போது கரியின் பரப்பு முழுவதிலும் மின்பகுளி சிதைந்து படலமாகப் படிகிறது. அந்தப் படலம் சோடியத்தைத் தின்றுவிடுகிறது. எனவே 1,200 பாகை செல்சியசுக்கும் மேலே சுட்டு, துளைகளை மூடி, பரப்பைக் குறைக்க வேண்டும். தாம் நான்கு ஆண்டுகள் கூட்டியதை இனிக் குறைக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. ஜப்பானியப் பேராசிரியர் ஒருவருக்கு அவர் எழுதிய அடுத்த கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. "உங்கள் கட்டுரையில் முதல் சுற்று இழப்பு இவ்வளவு என்று காட்டியிருக்கிறீர்கள். எங்கள் செம்பனை ஓட்டில் சிலிக்காவும் பொட்டாசியமும் உண்டு, அவற்றை அமிலத்தால் கழுவுவது கரியாக்கும் முன்பா பின்பா என்பதைப் பொறுத்து உட்பரப்பு மாறுவதை நான் அளந்திருக்கிறேன். அந்த மாற்றத்தை உங்கள் மின்கலத்தில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்." இவ்வளவுதான் அதன் சாரம். இரண்டே நாளில் பதில் வந்தது. தம்மிடம் திட்ட நிதி இல்லை, ஆனால் ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்க, ஏற்றுக்கொள்ளும் பேராசிரியராகத் தம் பெயரைத் தருவதாக அவர் எழுதியிருந்தார். பட்டம் பெற்று அப்போது இரண்டரை ஆண்டுகள். நாற்பது கடிதங்களில் கழிந்தது அதில் ஓர் ஆண்டு. இப்போது அந்தப் பெண் அங்கே இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். தாயார் மாதந்தோறும் பணம் வருவதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உள்நாட்டு இடங்களைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியும். நானும் நாட்டின் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த மேலாய்வாளனாக இருந்தவன்தான். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் மின்டன் வளாகத்தின் மழைமரங்களும் சுங்கை டூவாவின் உணவுக் கடைகளும் பழகியவர்கள் இங்கேயே இருக்க விரும்புவது இயல்பு. கருவிகளும் குறைவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நானோ ஒளிமின்னணு ஆய்வு நிலையம் பாயான் லெப்பாசில் இருக்கிறது, மூலக்கூறு மருத்துவ ஆய்வு நிலையம் நோயறி கருவிகளில் பெயர் பெற்றது, பத்து மாவுங்கில் உலக மீன் ஆய்வு மையமான வோர்ல்ட்ஃபிஷ்ஷின் தலைமையகமே இருக்கிறது. கவலை ஒப்பந்தத்தில்தான். கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கொடுக்கப்படுவது சம்பளமா உதவித்தொகையா? ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்னும் சமூகக் காப்பும் உண்டா? ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இடம்பெறும் ஆய்வுக் கட்டுரைகள் ஆண்டுக்கு எத்தனை எழுதித்தர வேண்டும், எழுத முடியாமல் போனால் என்ன ஆகும்? மகப்பேறு விடுப்பு உண்டா? நீட்டிப்பை யார், எப்போது முடிவு செய்வார்கள்? எனக்கு நீட்டிப்புக் கடிதம் வந்தது பழைய ஒப்பந்தம் முடிந்து ஏழு வாரங்கள் கழித்து. அந்த ஏழு வாரமும் சம்பளமில்லாமல் தினமும் ஆய்வகத்துக்குப் போனேன். வளர்த்து வைத்த மாதிரிகளை விட்டுவிட மனம் வரவில்லை. பிடிபிடிஎன் எனப்படும் அரசின் உயர்கல்விக் கடனுக்கான தவணை அந்த மாதங்களிலும் தவறாமல் வந்தது. என் நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதால் சொல்கிறேன்: நீட்டிப்பு விண்ணப்பத்தை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இத்தனை என்று கணக்கு வைத்தால், மேலாய்வாளர் தம் பழைய ஆய்வின் துண்டுகளையே அரைத்துக்கொண்டிருப்பார். புதிய கேள்வியைத் தொட அஞ்சுவார், ஏனெனில் புதிய கேள்வி முதல் ஆண்டில் கட்டுரை தராது. ராமகிருஷ்ணனைப் போல் துறை மாறுவதற்கு இத்தகைய ஒப்பந்தத்தில் இடமே இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, ஆண்டுகளைக் கூட்டிக் கொடுப்பதே ஆய்வுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே நாம் அடிக்கடி மறந்துவிடும் இன்னொரு பிரிவினர், தமிழ்நாட்டிலிருந்து வந்து பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மேலாய்வு செய்யும் தமிழர்கள். ஆய்வகத்தில் நம்மோடு தமிழில் பேசி, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நம்மோடு நடந்து வருபவர்கள் அவர்கள். அவர்களுக்கு இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இந்தியாவின் தேசிய மேலாய்வு நிதி ஆளின் வயதைப் பார்க்கிறது. 35 அதன் பொது வரம்பு, சில பிரிவினருக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. மலேசியாவில் ஓராண்டு ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டே போகும் ஒருவர், முப்பத்து நான்காம் வயதில் ஊர் திரும்ப நினைக்கும்போது அந்தக் கதவு பாதி மூடியிருக்கும். விசா நீட்டிப்பும் ஒப்பந்தத்தோடு கட்டுண்டது என்பதால், கடிதம் தாமதமானால் அவர்கள் படும் பாடு நாம் படுவதைவிடக் கொடியது.

பாயான் லெப்பாசைப் பற்றிச் சொல்லாமல் பினாங்கின் பொறியியல் ஆய்வைப் பற்றிப் பேச முடியாது. 1972இல் அங்கே கட்டற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதும் இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் வந்தன. நம் அத்தைமார் பலர் நுண்ணோக்கி வழியே கம்பி இணைத்தது அந்தத் தொழிற்சாலைகளில்தான். அன்று தேவைப்பட்டது கைத்திறன். 2021 டிசம்பரில் இன்டெல் 3,000 கோடி ரிங்கிட் செலவில் உயர்நிலைச் சில்லுப் பொதிவு ஆலையை அறிவித்தது. சில்லுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது வெப்பம் எங்கே தேங்குகிறது, அடித்தட்டு எங்கே வளைகிறது, கண்ணுக்குத் தெரியாத இணைப்பில் எங்கே விரிசல் விழுகிறது என்பவை முனைவர் பட்ட அளவில் ஆராய வேண்டிய கேள்விகள். 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொல்கிறது. அந்தப் பயிற்சியில் சிறு பங்காவது, தொழிற்சாலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து சம்பளம் கொடுக்கும் மூன்றாண்டு மேலாய்வு இடங்களாக அமைய வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்தால் பொறியியல் முனைவர் அதைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. பெரும்பாலான ஆய்வகங்களில் தொட முடியாத கருவிகள் தொழிற்சாலையின் பழுதாய்வுக் கூடத்தில் இருக்கின்றன. ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட அனுமதி உண்டா? இல்லையென்றால் பிறகு பல்கலைக்கழகப் பக்கம் திரும்புவது கடினம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இடம் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சலுக்கு ஒரு சென் கூட அனுப்ப வேண்டாம்.

மீண்டும் அந்த நான்கு தேதிகளுக்கு வருவோம். ஐரோப்பிய நிதிக்கு, செப்டம்பர் கெடுவுக்குள் வாய்மொழித் தேர்வில் வெற்றி பெற்றிருந்தாலே பட்டம் பெற்றவராகக் கருதும் விதி இருந்துவருகிறது. செனட் கடிதத்துக்குக் காத்திருந்து ஓர் ஆண்டை வீணாக்கியவர்கள் இதைப் படித்தால் வருந்துவார்கள். விதிகள் சுற்றுக்குச் சுற்று திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட வேண்டும். வாய்மொழித் தேர்வு ஜூனில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பருக்கு மூன்று மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த விண்ணப்பத்தை, ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். ஐரோப்பாவில் ஆகஸ்ட் முழுவதும் ஆய்வகங்கள் ஏறத்தாழக் காலியாக இருக்கும். பேராசிரியர் குடும்பத்தோடு கடற்கரையில் இருப்பார், அலுவலகத்தில் கையெழுத்திடவும் ஆள் இருக்க மாட்டார். ஜூலையில் எழுதும் முதல் கடிதத்துக்குச் செப்டம்பர் முதல் வாரத்தில் பதில் வரும், அப்போது பத்துப் பக்க ஆய்வுத் திட்டத்தை எழுதக் கிடைப்பது சில நாட்கள் மட்டுமே. அதனால் அந்த முதல் கடிதம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ போய்விட வேண்டும், ஆய்வேட்டின் கடைசி இயலை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே.